நாற்காலியைத் தள்ளித் தள்ளி எழுதிய நாவல்

நாகம்மாக்காவின் குதிகால் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டே என் கதாநாயகி தர்ஷினியை அழவைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் எண்ணெய். கைப்பேசி கழுத்துக் கயிற்றில் தொங்கியது. நான் பேசப் பேச அது எழுத்தாக்கிக்கொள்ளும். மற்ற எழுத்தாளர்கள் மேசை, ஜன்னல், மழை என்று ஏதேதோ கேட்பார்கள். எனக்கு, கால் நீட்டிக் கொடுக்க ஒரு நோயாளியும் கைப்பேசியில் சார்ஜும் இருந்தால் போதும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. "அவள் கண்களில் நீர் திரண்டது" என்று சொன்ன வாய், அடுத்த மூச்சில் "அக்கா, இந்தக் கால மடக்குங்க" என்றும் சொல்லும். இரண்டும் சேர்ந்தே பதிவாகிவிடும். ஒருமுறை அழிக்க மறந்து, அப்படியே கதைச் செயலியில் ஏற்றிவிட்டேன். கதாநாயகன் தாலி கட்டுகிற இடத்தில், "நல்லாத் திரும்பிப் படுங்க, புண்ணு வந்துரும்" என்று ஒரு வரி. திருமண வாழ்வின் உண்மையை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் மறுக்கவில்லை.

என் அத்தியாயங்கள் திடுக்கென்று முடியும் என்றும் பெயர் வாங்கியிருக்கிறேன். படுக்கையில் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அலாரம் அடித்தால் கதையை விட்டுவிட்டு ஆளைத் திருப்பப் போய்விடுவேன். அதுதான் அந்தத் திடுக்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. பேர் சாராள். தென்பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்துவிட்டு, ஓசூருக்கு வந்து சேர்ந்தவள். இந்த ஊரில் மகன் ஒரு ஷிப்ட், மருமகள் ஒரு ஷிப்ட் என்று போய்விடுவார்கள். வீட்டில் இருக்கிற வயதானவர்களுக்கு நான். நாகம்மாக்கா பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டங்களில் பூப் பறித்தவர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி வந்திருந்தார்.

எலும்பு சேர்ந்துவிட்டது, இப்போது வாக்கரைப் பிடித்து நடந்தால் நடை வரும், இன்னும் தள்ளிப்போட்டால் ஆயுசுக்கும் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாகம்மாக்காவோ எழுந்து நிற்கவே மறுத்தார்.

"விழுந்தா நீ குடுப்பியா எலும்பு?"

"நான் பிடிச்சிக்கிடுதேன்க்கா."

"நீயே காத்துல ஆடுற மாதிரி இருக்கிற. என்னப் பிடிக்கிறாளாம்!"

மகன் மூர்த்தி ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். "நடந்துருவாங்களாம்மா? பாத்ரூம் வரைக்கும் தானா போனாப் போதுங்க. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவோம்." நடந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். நாவலாசிரியை அல்லவா, முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிற துணிச்சல்.

நாகம்மாக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் தர்ஷினி கதையில் ஒரு வரியைக்கூட விடமாட்டார். அந்த இரண்டையும் வைத்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டு, குரலைத் தாழ்த்தி நாவலைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஏமம்மா, சத்தமாச் சொல்லு!"

"தொண்டை கட்டியிருக்குக்கா. கிட்ட வந்து கேளுங்க."

திட்டிக்கொண்டே எழுந்தார். விழாமல் தாங்க அவர் இடுப்பில் கட்டிவிட்ட பட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மறுநாள் நாற்காலி இன்னும் தள்ளிப் போனது. பிறகு அறை வாசல். பிறகு கூடத்து டிவி அருகே. நாற்காலி போன இடமெல்லாம் வாக்கரும் வந்தது. இலக்கியத்தால் சமூகத்துக்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால், டிவி வரைக்கும் பயன் என்று சொல்லலாம்.

அங்கேதான் என் கற்பனை தீர்ந்துபோனது.

தர்ஷினியைக் கையில் பையோடு ஓசூர் பேருந்து நிலையத்தில் நிறுத்தியிருந்தேன். ஒரு பக்கம் பெங்களூர் பஸ், அங்கே காதலன். மறுபக்கம் பர்கூர் பஸ், அங்கே அம்மா. எதில் ஏற்றுவது என்று எனக்கே தெரியவில்லை. காலையில் உட்கார்ந்தேன், வரவில்லை. காபி குடித்தேன், காபிதான் உள்ளே போனது. இயற்கையைப் பார்த்தால் ஊக்கம் வரும் என்று படித்திருந்ததால் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சிப்காட் லாரிகள் வரிசையாக நின்றன. என்னைப் போலவே அவற்றுக்கும் வழி கிடைக்கவில்லை.

கதை இல்லை என்று தெரிந்ததும் நாகம்மாக்கா கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

"கதை வந்தா எழுப்பு."

"கதை இல்லாட்டியும் நடக்கணும்க்கா. டாக்டர் சொன்னாருல்லா?"

"டாக்டருக்குக் கதை தெரியுமா? தெரிஞ்சா வரச் சொல்லு."

அன்று நடக்கவில்லை. அடுத்த நாளும் நடக்கவில்லை. மூர்த்தி ஷிப்ட் முடிந்து வந்து, அசையாமல் நின்ற வாக்கரைப் பார்த்தார். அதைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. ஒரு பொய்யான பெண் பஸ் ஏறாததால் ஒரு நிஜமான பெண்ணின் கால் முடங்கிப் போகப் போகிறது. என் பயிற்சிப் புத்தகத்தில் இதற்கு வைத்தியம் எழுதியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அடுப்படியில் ராகிக் கூழ் கிண்டிக்கொண்டு, தர்ஷினியை மனதுக்குள் அந்தப் பஸ்ஸிலும் இந்தப் பஸ்ஸிலும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

"ஏமம்மா சாராளம்மா! அந்தப் பொண்ணு இன்னும் பஸ் ஸ்டாண்டுலயேதான் நிக்குதா?"

"ஆமாக்கா. எந்தப் பஸ்ஸுன்னு தெரியல."

"பஸ்ஸு கெடக்கட்டும்! எத்தன நாளா நிக்க வெச்சிருக்க? காலு வலிக்காதா அதுக்கு? மொதல்ல உக்கார வை. ஒரு டீ வாங்கிக் குடு. டீ குடிச்சாத்தான் புத்தி வேல செய்யும்."

டீ! இரண்டு பஸ்ஸும் கண்ணெதிரே கிளம்பிப் போகட்டும். அவள் டீ குடிக்கட்டும். மூன்றாவதாக ஒரு பஸ் வரட்டும். கரண்டியைப் போட்டுவிட்டுக் கைப்பேசியைப் பிடித்தேன். "தர்ஷினி பெஞ்சில் உட்கார்ந்தாள்" என்று ஆரம்பித்தேன்.

"என்னப் பிடிடீ! அவ உக்காந்தது அப்புறம் இருக்கட்டும்!"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நாகம்மாக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் ஆடிக்கொண்டு நின்றார். கட்டிலில் இருந்து தனியாக எழுந்து, கூடத்தைத் தாண்டி, என்னைத் திட்டுவதற்காக நடந்து வந்திருக்கிறார். இத்தனை வருஷப் பயிற்சி பெற்றவள் நோயாளியைப் பிடிக்காமல் கைப்பேசியைப் பிடித்திருக்கிறேன். பாய்ந்து இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்தேன். கூழ் அடிபிடித்தது.

"அக்கா, நடந்து வந்திருக்கீங்க!"

"சாலு சாலு, போதும். நடக்காம பறந்தா வருவாங்க? கூழு தீயுது, பாரு."

அந்த அத்தியாயத்தில் "என்னப் பிடிடீ" என்பதும் பதிவாகியிருந்தது. அதை அழிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த தர்ஷினியின் மனக்குரல் என்று வாசகர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மறுநாள் காலை மூர்த்தி ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே நாற்காலியைத் தூக்கிப்போய்க் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டேன். நாகம்மாக்கா திட்டிக்கொண்டே வந்தார். இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தேன், கைப்பேசி அலமாரியில் இருந்தது. மூர்த்தி டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். குளியலறைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த நாகம்மாக்கா, மூன்றாவது பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று டீ போடப் போனேன்.