பெல்ட்டை அறுத்த கை

மூன்று மாதத்தில் மூன்று பெல்ட் அறுந்தது. என் மகன் பிழைக்கிற வண்டி அது. யாரோ வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று நம்பினேன். யார் என்றும் முடிவு கட்டிவிட்டேன். கர்த்தர் எனக்குச் செய்த உபகாரத்தை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

என் பெயர் ரூத்தம்மாள். இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதுகிறேன். எங்களுடையது பழைய டீசல் கார், வாடகை வண்டி. என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் ஓட்டினார். அவர் போன பிறகு மகன் சாமுவேல் ஓட்டுகிறான். கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள், கோயில் பார்க்க வருகிறவர்கள் எத்தனையோ பேரை ஏற்றிய வண்டி. இந்தத் தொல்லை வரும்வரை ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. அதில் எனக்குப் பெருமை. இப்போதும் உண்டு.

போன ஆவணியில், காலையில் வண்டியைக் கிளப்பினால் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. தெருவே திரும்பிப் பார்க்கும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் சத்தம் என்றான் சாமுவேல். சில நாளில் அது அறுந்தது. மெக்கானிக் காதர் புது பெல்ட் போட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதுவும் கத்தியது. அதுவும் அறுந்தது.

காதர் தலையைச் சொறிந்தார். "புது பெல்ட்டு இப்டிப் போவாதும்மா. பெல்ட்டு சுத்துற புல்லி பூரா எண்ணெ பிசுக்கு. எங்கர்ந்து லீக் ஆவுதுன்னு தேடிக்கினே இருக்கறேன், ஒண்ணும் ஆப்புடல." பிறகு சாமுவேலிடம் சொன்னார்: "இந்த வண்டியில பிரேக்குக்குக் காத்து இழுக்குற பம்பும் இதே பெல்ட்டுலதான் சுத்துது. ஓட்டிக்கினு இருக்கும்போது அறுந்துச்சின்னா, ரெண்டு மிதிக்கு மேல பிரேக்கு கல்லாயிடும். பாத்துப்பா."

அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. ஒரே பிள்ளை.

முதலில் காதரையே சந்தேகப்பட்டேன். அறுந்த பெல்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கத்தி பட்டிருந்தால் நேராக வெட்டுப்பட்டிருக்கும். இது நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. காதரை விட்டேன். பிறகுதான் என் கண் மருமகள் ஸ்டெல்லா பக்கம் திரும்பியது.

"இந்தத் தகர டப்பாவ வித்துட்டு ஓரகடத்துல கம்பெனி வேலைக்குப் போங்களேன்" என்று அவனிடம் அவள் அடிக்கடி சொல்வாள். என் வீட்டுக்காரர் வண்டி தகர டப்பா! ஒருநாள் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா பண்ற அங்க?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாரு அத்தை."

கையில் சொம்பு இருந்தது. கிட்டே போய், உள்ளே தண்ணீர்தானா என்று எட்டிப் பார்த்தேன். காதர் சொன்ன எண்ணெய்ப் பிசுக்கு ஞாபகம் வந்தது. சமையல் எண்ணெய் டப்பாவில் கரியால் கோடு போட்டு வைத்தேன். இரண்டே நாளில் எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவள் அப்பளம் பொரித்தது என் நினைவுக்கு வரவில்லை. வண்டியைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் வாசலுக்கு வந்தால் நானும் எழுந்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயை வண்டிக்குப் பூசி ஜெபித்தேன். "ஆண்டவரே, என் பிள்ளை உயிரைக் காப்பாற்றும். இது யார் கை என்று எனக்குக் காட்டும்." அழுது கேட்டேன். பதில் இல்லை.

ஐப்பசியில் பொறுமை போய்விட்டது. ஸ்டெல்லாவின் தாய்வீடு தென்னேரியில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய், அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளை விட்டுவிட்டு வருவது என்று தீர்மானித்தேன். சாமுவேலிடம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அவள் சந்தோஷமாகக் கிளம்பினாள். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வரும். அதனால் முன்சீட்டை விட்டுக்கொடுத்தேன், மனசில்லாமல்.

தென்னேரி ஏரிக்கரையில் போகும்போது கீச்சென்றது. பட்டென்று ஏதோ அடித்தது. சாமுவேலுக்கு முன்னால் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தான், பிடித்தது, விட்டான். மறுபடி மிதித்தான்.

"மா, பிரேக்கு புடிக்கலம்மா!"

"இயேசப்பா!" என்று கத்தினேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை. ஸ்டெல்லா இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தாள். சாமுவேல் கியரைக் குறைத்தான். வண்டி கரையோரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. கீழே ஏரி நிறைய தண்ணீர். முன் டயருக்கும் சரிவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. ஆடு மேய்த்த பெண் எங்களைத் திட்டித் தீர்த்தாள். அந்தத் திட்டைக் கேட்கவாவது உயிர் இருந்ததே, ஸ்தோத்திரம்.

என் பிள்ளையைக் காப்பாற்ற இழுத்தது யார் கை என்று பார்த்தேன். கூசிப்போனேன். ஆனாலும் பெல்ட்டை யார் கெடுத்தது?

சாமுவேல் போன் செய்ய, காதர் புது பெல்ட்டோடு பைக்கில் வந்தார். பானெட்டைத் திறந்தார். புல்லியில் விரலைத் தேய்த்து முகர்ந்தார்.

"இன்னாபா சாமு, தேங்காண்ணெ வாசன வருது? பெல்ட்டுக்குத் தலவாரி வுடுறீங்களா?"

எனக்கு என் எண்ணெய்ப் புட்டி ஞாபகத்துக்கு வந்தது. சபையில் கொடுத்த புட்டி சிறியது. குறையக் குறையத் தேங்காய் எண்ணெய் ஊற்றி நிரப்பிக்கொள்வேன். முதல் பெல்ட் கத்திய நாளிலிருந்தே, சாமுவேல் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, தினமும் பானெட்டைத் தூக்கி, சத்தம் வருகிற பெல்ட்டின் மேலேயே பூசினேன். பூசினால் அன்றைக்குச் சத்தம் அடங்கும். கர்த்தரைத் துதிப்பேன். மறுநாள் அதிகமாகக் கத்தும். நானும் அதிகமாகப் பூசுவேன். அதை எண்ணெய் என்று நான் நினைக்கவே இல்லை. ஜெபம் என்று நினைத்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் கேட்டது நான். அவர் காட்டிவிட்டார். மூன்று பேர் முன்னாலும் சொன்னேன். ஸ்டெல்லாவைச் சந்தேகப்பட்டதையும் சொன்னேன்.

காதர் சிரிக்கவில்லை. "மொத பெல்ட்டு பழசு, தளந்து போய்க் கத்துச்சி. இழுத்து டைட் பண்ணியிருந்தா போதும். அப்புறம் போட்டதெல்லாம் எண்ணெயில வழுக்கி, சூடாயி, பிரிஞ்சிப் போச்சிம்மா" என்றார்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்தாள். "இத்தினி நாளா மொறச்சிக்கினு இருந்தது இதுக்கா அத்தை? கொழம்புல உப்பு தூக்கலா இருக்குதுன்னு நெனச்சி நான் கொறச்சிக்கினே வந்தேன்."

"அதான் சோறு சப்புன்னு இருந்துச்சா?" என்றான் சாமுவேல்.

தென்னேரிக்குப் போனோம். "இன்னா சம்மந்தி, விசேஷமா?" என்று அவள் அம்மா கேட்டார்கள். எதற்காகக் கிளம்பினேன் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். அவர்கள் முகம் மாறியது. எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். "சொல்லாம போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொல்லிட்டீங்க. கை கழுவுங்க, சாப்டலாம்" என்றார்கள். அவ்வளவுதான். ஸ்டெல்லா எங்களோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

காதர் அன்றைக்கு ஏரிக்கரையிலேயே புல்லியைச் சுத்தமாகத் துடைத்து, பெல்ட்டைச் சரியாக இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு வண்டி கத்தவில்லை. நான் இப்போது எண்ணெயை வியாதிக்காரர் நெற்றியில் மட்டும் பூசுகிறேன். காதரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஜெபத்தை விடவில்லை. முன்னைவிட அதிகமாக ஜெபிக்கிறேன், கொஞ்சம் பயத்தோடு.

சகோதரிகளே, வீட்டில் யார் மேலாவது சந்தேகம் இருந்தால் டப்பாவில் கோடு போடாதீர்கள். கர்த்தரிடம் கேளுங்கள், காட்டுவார். அவர் யாரைக் காட்டினாலும் ஆமென் சொல்லத் தயாராகக் கேளுங்கள். அவர் காட்டிக்கொடுத்து அவமானப்படுத்துகிறவர் அல்ல. என் பிள்ளை உயிரோடு இருக்கிறான். என் மருமகள் என் வீட்டில் இருக்கிறாள்.