கோன் டெலிபோன்

கட்டிங் மாஸ்டர் டேனியலுக்கு செல்போன் ஆகாது. 2008-ல், டீ கொண்டு வருகிறவர் முதல் பனியன் கம்பெனி முதலாளி வரை ஆளுக்கொன்று வைத்திருந்தபோது, அவர் மட்டும் சட்டைப்பையில் சாக்பீஸும் இன்ச் டேப்புமாக நடமாடினார். ஏனென்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. டீ டைம் பத்து நிமிஷமும் அவருடையதாகிவிடும்.

"எங்க காலத்துல என்ன போன் இருந்துச்சு? பேசாமயா கெடந்தோம்?" என்று ஆரம்பிப்பார்.

அவர் காலம் என்பது 1978. இடம், திருப்பூரில் ஒரு லைன் வீட்டு வரிசை. எதிரெதிராகப் பத்து வீடுகள், நடுவே ரெண்டு பேர் ஒதுங்கிப் போகிற சந்து. டேனியல் குடும்பத்துக்கு நேரெதிரே பக்கீர் முகமது குடியிருந்தார். அவர் மகன் அஹ்ஸனும் டேனியலும் ஒரே வகுப்பு. விளையாட்டுச் சாமானெல்லாம் கம்பெனி வாசலில் சும்மா கிடந்தன. கட்டிங் வேஸ்ட்டைச் சுருட்டி இறுக்கிக் கட்டினால் பந்து. நூல் சுற்றி வருகிற காகிதக் கோன் ரெண்டு கிடைத்தால் டெலிபோன். கோன் நுனியின் ஓட்டையில் பனியன் நாடாவை விட்டு முடிச்சுப் போட்டு, ஜன்னலுக்கு ஜன்னல் கட்டியிருந்தார்கள். ஒருவன் பேசி முடித்ததும் மற்றவன் நாடாவை ரெண்டு இழுப்பு இழுக்க வேண்டும். கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

"என்ன கிளியர்ங்கறீங்க! டவர் இல்லீங்கற கதையே கெடையாது" என்று முடிப்பார். எல்லோரும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

மீதிக் கதையை அவர் கம்பெனியில் சொன்னதில்லை. மகள் கீதாஞ்சலிக்கு மட்டும் ஒரு தரம் சொல்லியிருந்தார்.

மழையில் ஊறிய பனியன் பந்து கல்லுக்குச் சமானம். டேனியல் அடித்த ஒரு அடியில் வீட்டுக்காரம்மா சென்னம்மாளின் கூரையில் மூன்று ஓடு போய்விட்டது. "ஆருடா அடிச்சது?" என்று அவர் வந்து நின்றதும், டேனியலின் கை தானாக அஹ்ஸனைக் காட்டியது. பக்கீர் முகமது மகனை பெல்ட்டால் விளாசினார். அஹ்ஸன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரமே அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்தது. ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வேறு ஊரில் கடை அமைந்திருந்தது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் டேனியல் கோனில் வாயை வைத்து, வீட்டில் யாருக்கும் கேட்காமல், முதல்முறையாக மெதுவாகப் பேசினான்: "ஓட்ட ஒடச்சது நாந்தான்டா. தப்புதான்." நாடா ரெண்டு தரம் இழுபட்டது. கோனைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டான்.

அந்த ரெண்டு இழுப்பை நம்பித்தான் டேனியல் முப்பது வருஷம் நிம்மதியாக இருந்தார். செல்போன் மேலிருந்த இளக்காரமும் அங்கே பிறந்ததுதான். வாழ்க்கையின் முக்கியமான சேதியைக் காகிதக் கோனிலேயே அனுப்பி முடித்த மனிதருக்கு மற்றதெல்லாம் எதற்கு?

கீதாஞ்சலி அப்போது காலேஜ் முதல் வருஷம். ஒரு சனிக்கிழமை ப்ரவுசிங் சென்டரிலிருந்து மூச்சிரைக்க வந்தாள். ஆர்குட்டில் ஒரு பையன் தன் கடை போட்டோவைப் போட்டிருந்தானாம். போர்டில் 'பக்கீர் முகமது ஸ்டோர்'.

"உங்க அத்தா பேரு அஹ்ஸனான்னு கேட்டேனுங்கப்பா. ஆமாங்கறான். நம்பரும் வாங்கிட்டேன்."

"எங்க கண்ணு இருக்கறானாம்? துபாயா?"

"அவிநாசிபாளையமுங்கப்பா."

தாராபுரம் போகும்போதெல்லாம் டேனியல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துபோகிற ஊர்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து லுங்கிக்கு மாறியதும், மொட்டை மாடியில் வைத்து மகள் தன் செல்போனில் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். டேனியல் அதைக் கோனைப் போல வாய்க்கு நேராகப் பிடித்தார். அவள் திருப்பிக் காதில் வைத்துவிட்டாள்.

"ஆருங்க?"

"நான் டேனியலுங்க. லைன் வீட்டு..."

"அடேய்! இன்னும் உசுரோடதான் இருக்கறயா நீயி?"

வேலை, பிள்ளைகள், சர்க்கரை, கால் வலி என்று ஒரு சுற்று போனது. அதற்கு மேல் டேனியலால் அடக்க முடியவில்லை. "நம்ம கோன் டெலிபோனு என்ன கிளியரு, இல்லடா?"

மறுமுனையில் வெடித்துக்கொண்டு சிரிப்பு. "அதுல எங்கடா கேட்டுச்சு? நீ கத்துன கத்துக்கு ரெண்டு சந்து தள்ளிக் கேக்கும். பனியன் நாடா போட்டு எவனாச்சும் டெலிபோன் கட்டுவானா? இழுத்த பக்கம் போற துணியில சத்தம் எப்படிறா போவும்? நீயெல்லாம் ஒரு கட்டிங் மாஸ்டரு!"

எந்தத் துணி எந்தப் பக்கம் எவ்வளவு இழுபடும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவர் டேனியல்.

"கடைசி நாளு சாயங்காலம் ரெண்டு தடவ இழுத்தயே?"

"நானா? நான் அத்தாகூட லாரி பேசப் போயிட்டேன். படுக்கை கட்டக் கயிறு பத்தலீன்னு அம்மா அந்த நாடாவ இழுத்து அறுத்துக் கட்டுச்சு. ஏண்டா, எதாச்சும் சொன்னயா?"

ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை அதுதான் வந்தது. பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். அவளுக்குக் கதை தெரியும்.

"ஓட்ட ஒடச்சது நாந்தான்டா" என்றார் மெதுவாக.

"என்னது? கேக்குல. டவர் போயிப் போயி வருது. சத்தமாச் சொல்லு."

"ஓட்ட ஒடச்சது நாந்தான்டா! சென்னம்மா ஊட்டு ஓட்ட! உன்னையக் காட்டிக் குடுத்ததும் நாந்தான்! தப்புதான்டா!"

எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நீதான்னு எனக்கு அப்பவே தெரியாதாடா?" என்றான் அஹ்ஸன். "லாரி ஏறற வரைக்கும் உங்கூட்டு வாசலையே பாத்துட்டிருந்தேன். நீ வந்து சொல்லுவேன்னு." பிறகு சொன்னான்: "செரி, இன்னொருக்காச் சொல்லு."

"கேட்டுச்சல்ல?"

"எனக்குக் கேட்டுச்சு. அடிச்சவருக்குக் கேக்க வேண்டாமா? அத்தா இங்கதான் கட்டல்ல உக்காந்திருக்காரு. இரு, ஸ்பீக்கர்ல போடறேன்."

கரகரவென்று ஒரு இருமல் வந்தது. "ஆரது, எதுத்த ஊட்டுப் பையனா?"

டேனியல் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார். அவிநாசிபாளையத்திலிருந்து அதை யாரும் பார்த்துவிட முடியாது.

"ஆமாங்க மாமா" என்றார், இந்தத் தடவை முதலிலேயே சத்தமாக.