எட்டை அடிக்காத ரேணுகாம்பாள்

ரேணுகாம்பாள் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் நிமிஷத்துக்கு இருநூறு வார்த்தை. அந்தச் சத்தத்தில் ராஜகோபுரத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்பும். சரி, இருநூறு கொஞ்சம் ஜாஸ்தி. அறுபது. புறாக்களும் இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் இனிச் சொல்வதில் கலப்படம் கிடையாது. ஒன்பது வருஷமாக டைப் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாளின் விரல், எட்டு என்ற கீயின்மேல் ஒரு தடவைகூடப் பட்டதில்லை.

எட்டு வரவேண்டிய இடத்தில் மூன்றை அடிப்பாள். ஓர் எழுத்து பின்னுக்கு நகர்த்தி, அதன்மேலேயே ஆறை அடிப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் எட்டு. கிட்டத்தில் பார்த்தால் நசுங்கிய கரப்பான்பூச்சி. தேரடித் தெரு மாடியில் ஐந்து மிஷின்களோடு அவள் நடத்திய இன்ஸ்டிட்யூட்டில் படித்த அத்தனை பேருக்கும் இது தெரியும். காரணம்தான் தெரியாது.

அவள் பிறந்தது ஓர் ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி. இரண்டும் ஆறும் எட்டு. பத்தொன்பது வயதில், கல்யாணப் பேச்சு வந்த சமயம், அவள் அப்பா அவளைச் சின்னக்கடைத் தெருவில் எண் பார்க்கும் சகாதேவனிடம் அழைத்துப்போனார். அவர் காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்:

"எட்டுக்காரங்க கெட்டவங்க இல்லம்மா. ஆனா கூட்டினா எட்டு வர்ற வயசுல, அவங்களை ஒட்டிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு கண்டம். இருபத்தாறுல ஒண்ணு, முப்பத்தஞ்சுல ஒண்ணு. பார்த்து இருந்துக்கோ."

சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவளுக்கு இருபத்தாறு நடந்தபோது, சைக்கிளில் போன அவள் புருஷன் அப்பாதுரைமேல் செங்கம் ரோட்டில் லாரி ஏறியது. மகள் பொன்னிக்கு அப்போது ஐந்து மாதம். துக்கம் கேட்க வந்தவர்கள் லாரிக்காரனைத் திட்டினார்கள். ரேணுகாம்பாள் மட்டும் யாரையும் திட்டவில்லை. மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தபடி, இருபத்தாறுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒன்பது வருஷமும் ஓடியே போயிற்று. எழுபத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்டில், பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னதாக, பொன்னியை அழைத்துக்கொண்டு செங்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமியார் ஆராயி வீட்டுக்குப் போனாள்.

"பரீட்சை வேலை ஜாஸ்தி அத்தை. ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டும்."

"ஒரு வருஷமா? பரீட்சை உனக்கா, உங்கிட்டப் படிக்கிற பசங்களுக்கா? பெத்தவ பேசற பேச்சாடி இது?"

ரேணுகாம்பாள் கிளம்ப எழுந்தாள். பொன்னி அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.

மாதம் ஒரு கார்டு வரும். மூன்றாவது கார்டில் பொன்னி எழுதியிருந்தாள்: "அம்மா, நான் இனிமேல் மிஷினைத் தொட மாட்டேன். ரிப்பனை இழுக்க மாட்டேன். என்னை எப்போது கூப்பிட்டுக்கொள்வாய்?" குழந்தை இதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இல்லை என்று எழுதலாம். எழுதினால் ஏன் என்று கேட்கும். அதற்குப் பதில், 'நான் உன் பக்கத்தில் இருந்தால் நீ செத்துப்போவாய்' என்பதுதான். அதை எந்தக் கார்டில் அடிப்பது?

ஜனவரியில் ஒருநாள் இரண்டு பேர் மூச்சு வாங்கியபடி மாடி ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் டாக்டர் இராமலிங்கம். மெட்ராஸில் மனநோய் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்று, மலையடிவாரத்துக்கே குடிவந்து, செங்கம் ரோட்டில் ஓர் அறையில் இலவசமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். பின்னால் வந்தவரைப் பார்த்ததும் ரேணுகாம்பாள் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். சகாதேவன். தலை நரைத்திருந்தது. அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் இவர்கிட்டப் போயிட்டு வர்றாங்கம்மா," என்றார் டாக்டர்.

"மீதிப் பாதி உங்ககிட்டப் போயிட்டு எங்கிட்ட வருதே, அதையும் சொல்லுங்க."

சகாதேவன் வெறும் ஜோசியர் இல்லை. பயம், தூக்கமின்மை, படபடப்பு என்று வருகிறவர்களுக்கும் எண்ணை வைத்தே குணம் சொல்லி, எண்ணை வைத்தே பரிகாரம் சொல்வார். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்வார், குறைக்கச் சொல்வார். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள்கூட அவர் வாசலில் வரிசையில் நின்றார்கள். அதில் உண்மை எவ்வளவு என்று இரண்டு பேருமே சேர்ந்து சோதித்துப் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது.

"பதினெட்டு வருஷமா சொல்லிக்கிட்டு வர்றேன்," என்றார் சகாதேவன். "சரியாத்தான் சொல்றேனானு எனக்கும் தெரியணும்ல?"

ஏற்பாடு எளிது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை, எண்ணுக்கு ஆறு பேராக ஐம்பத்துநான்கு பேர். ஒவ்வொரு எண்காரரின் குணத்தையும் சகாதேவன் தனித்தனித் தாளில் எழுதித் தருவார். அதை டைப் அடிக்கும்போது எண்ணைப் போடக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் உறையில் மூன்று தாள்: ஒன்று அவருடைய எண்ணுக்கு உரியது, மற்ற இரண்டு வேறு எண்களுடையது. 'இதுதான் நான்' என்று தோன்றுகிற தாளில் அவர் ஒரு டிக் போட்டு, மூன்றையும் உறையில் வைத்து ஒட்டித் தரவேண்டும். இது முதல் பாகம். சகாதேவனின் பரிகாரத்தால் யாருக்காவது பயம் குறைந்ததா என்று விசாரிப்பது இரண்டாம் பாகம். எந்த உறை யாருக்கு என்பது அந்த இருவருக்கும் தெரியக்கூடாது. அதற்குத்தான் மூன்றாவதாக ஓர் ஆள், டைப் தெரிந்த ஆள், வேண்டியிருந்தது.

முடியாது என்று சொல்லத்தான் ரேணுகாம்பாள் வாயெடுத்தாள். அப்புறம் வேறொன்று தோன்றியது. எண்ணெல்லாம் பொய் என்று ஆனால் பொன்னியை நாளைக்கே கூட்டி வந்துவிடலாம். நிஜம் என்று ஆனால்? முப்பத்தைந்தோடு முடியாது. நாற்பத்துநான்கு இருக்கிறது, ஐம்பத்துமூன்று இருக்கிறது. பொன்னி ஆராயியின் பிள்ளையாகவே வளர்ந்துவிடுவதுதான் அவளுக்கு நல்லது.

"செய்யறேங்க," என்றாள்.

எட்டுக்காரர்களின் தாளை அடிக்கும்போது விரல்கள் வேர்த்து வழுக்கின. 'சொல்லாத துக்கம் உள்ளவர்கள். தமக்காக அல்ல, பிறருக்காகப் பயப்படுபவர்கள்.' யாரோ ஜன்னல் வழியாகத் தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது மாதிரி இருந்தது.

உறைகளை அடுக்கியபோது அந்த ஆறு எட்டுக்காரர்களையும் நினைத்துப் பார்த்தாள். பாவம், பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பவர்கள். தன் கையால் எட்டை அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதா? உள்ளே போய் மஞ்சளைக் குழைத்து வந்தாள். அந்த ஆறு பேருக்குப் போகும் எட்டாம் எண் தாளில் மட்டும், கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். ஒன்றும் ஆகக்கூடாது சாமி என்று முணுமுணுத்துக்கொண்டே காயவைத்து, உறையில் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்துநான்கு பேரும் வந்து டிக் போட்டுவிட்டுப் போனார்கள். மதியம் அவள் உறையைப் பிரித்து, டிக் போட்ட தாளின் பின்னால் தான் பென்சிலில் போட்டு வைத்திருந்த குறியைப் பார்த்துச் சரி, தப்பு என்று படித்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் எழுதிக்கொண்டார்கள். எட்டைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள். மற்ற நாற்பத்தெட்டுப் பேரில் பதினேழு பேர்தான் சரி. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பதினாறு வரும் என்றார் டாக்டர். சகாதேவன் முகம் தொங்கிப்போயிற்று. ரேணுகாம்பாளுக்கு ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் எட்டு.

"சரி," என்றாள். அடுத்த உறை. "சரி." மூன்றாவதும் சரி. நான்காவதும், ஐந்தாவதும். ஆறும் சரி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தற்செயலா இப்படி வரணும்னா எழுநூத்தி இருபத்தொம்போதுல ஒரு தடவைதான் வரும்."

ஜெயித்த சகாதேவன் சந்தோஷப்படவில்லை. அவர் முகமும் வெளுத்திருந்தது. "அப்போ எட்டு மட்டும் நிஜமாய்யா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ரேணுகாம்பாள் ஆராயிக்கு ஒரு கார்டு எழுதினாள். பொன்னியை அங்கேயே தொடர்ந்து படிக்கவையுங்கள், இனி அவள் உங்கள் பிள்ளை என்று. கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை நின்றது.

காலையில் கார்டைத் தபாலில் போட இறங்கினால், மாடிப்படியில் சடையன் உட்கார்ந்திருந்தான். பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவன். ஆறு எட்டுக்காரர்களில் ஒருவன்.

"யம்மா, அந்தத் தாள்ல என்னா போட்டிருந்துச்சு? என் பொண்டாட்டி கேக்கறா."

"நீதானேப்பா படிச்சுட்டு டிக் போட்ட?"

சடையன் தலையைச் சொறிந்தான். "எனக்கு எங்கம்மா படிக்கத் தெரியும்? அத்தினி பேர் நடுவுல எப்படிச் சொல்றது? மூணுல ஒண்ணு நாலு பக்கமும் மஞ்ச தடவி லட்சணமா இருந்துச்சு. நல்ல சேதி அதுலதான் இருக்கும்னு கோடு போட்டுட்டேன்."

ரேணுகாம்பாள் கார்டைக் கைப்பைக்குள் திணித்தாள்.

டாக்டர் அறைக்கு நடந்தாள். இப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அசிங்கம். சொல்லாவிட்டால் கைப்பைக்குள் இருக்கும் கார்டு. உள்ளே இருவரும் இருந்தார்கள். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"படிச்சவங்கதானேம்மா நீங்க!" டாக்டர் குரல் உயர்ந்தது. "மஞ்சளைப் பார்த்தா இந்த ஊர்ல எவன் வேற தாளைத் தொடுவான்?"

சகாதேவன் கையமர்த்தினார். "இருங்க டாக்டர். எட்டுன்னா உனக்கு ஏம்மா இவ்வளவு பயம்? யார் என்னா சொன்னது?"

"நீங்கதாங்க."

"நானா?"

அவருக்கு நினைவே இல்லை. வருஷத்தைச் சொன்னாள், இருபத்தாறைச் சொன்னாள், லாரியைச் சொன்னாள், பொன்னியைச் சொன்னாள். சகாதேவன் வெற்றிலைப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தார்.

"அப்போ நான் தொழிலுக்குப் புதுசும்மா," என்றார். "ஒரு கண்டம்னு சொன்னாத்தான் ஜனங்க திரும்பி வரும். ஒண்ணுக்காரங்களுக்கு ஒரு வயசு, ரெண்டுக்காரங்களுக்கு ஒரு வயசு. எல்லாருக்கும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லுவேன். நீ திரும்பி வரவே இல்ல. வந்திருந்தா பரிகாரம் சொல்லியிருப்பேன்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டாம் பாகத்துக்கு ஆள் தேட வேணாம் சகாதேவன். உங்க வார்த்தை பயத்தை என்னா பண்ணுதுன்றதுக்குக் கணக்கு இதோ உக்காந்திருக்கு."

மார்ச்சில் வேறு ஆறு எட்டுக்காரர்களை வைத்து, மஞ்சள் இல்லாமல் மறுபடி சோதித்தார்கள். உறையைக் கொடுத்தது டாக்டரின் வீட்டம்மா. ஆறில் இரண்டு பேர்தான் சரி. சகாதேவன் தானாகவே கணக்கின்கீழ் கையெழுத்துப் போட்டார்.

"இதனால எட்டு பொய்னு ஆயிடலம்மா," என்றார் டாக்டர், ஒளிக்காமல். "நிஜம்னு காட்ட ஒண்ணும் இல்லைனு மட்டும்தான் தெரியுது. பஸ் ஏற உங்களுக்கு இது போதுமா?"

ரேணுகாம்பாள் கணக்குத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஏப்ரல் எட்டாம் தேதி, ஆமாம், எட்டாம் தேதியே, இன்ஸ்டிட்யூட்டுக்கு விடுமுறை என்று ஓர் அறிவிப்பு அடித்தாள். எட்டு என்ற கீயை ஓங்கி ஒரே குத்து, காகிதம் ஓட்டையாயிற்று. முதல் பஸ்ஸில் செங்கம் போய், பொன்னியை வாரி மடியில் போட்டுக்கொண்டு, மதியத்துக்குள் சிங்கம் மாதிரி திரும்பி வந்துவிட்டாள்.

"மத்ததெல்லாம் சரி, தேதிதான் தப்பு," என்றாள், இத்தனை வருஷம் கழித்து நான் சொன்ன இதையெல்லாம் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பொன்னி. "எட்டாந்தேதி அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் வந்துச்சாம். மூணு பஸ்ஸை விட்டுட்டு வீட்டுக்கே திரும்பிடுச்சாம். ஊருக்கு வந்தது ஒம்போதாந்தேதி. மடியிலயும் போட்டுக்கல. பக்கத்துல உக்கார வெச்சு, இங்க வந்து இறங்கற வரைக்கும் என் கையைப் புடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அம்மா கை முழுக்க வேர்வை."