பாளையங்கோட்டைக்கு ஒத்திகை

மாலை நான்கு பத்துக்குத் தேயிலை உலர்த்தும் இயந்திரத்துக்கு நான்கடி தள்ளி வந்து நின்றுகொள்கிறார் இராசம்மா. வெளியே பத்தொன்பது டிகிரி, மலைச் சாரல். உள்ளே முப்பத்தொன்பது. வேலை நேரம் முடிந்து பத்து நிமிடமாகிறது.

"அக்கா, நீங்க என்ன பச்சக் கொழுந்தா? காஞ்சி தூளாயிருவீங்க லா," என்கிறார் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்னையா.

"நேத்து இருவத்தி ரெண்டு நிமிசம். இன்னிக்கி இருவத்தி நாலு. வாய மூடிக்கிட்டு கடியாரத்தப் பாரு."

மலேசிய மலை ஊரான ரிங்லெட்டுக்கு மேலேயுள்ள இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர் இராசம்மா. வயது ஐம்பத்தேழு. தூளைத் தரம் பிரிக்கும் பிரிவில் முப்பத்தோராவது ஆண்டு. ஒரே மகள் வாசுகி பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பை முடித்திருக்கிறாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மே மாதம், மகளைப் பார்க்கப் போனார். பயணம் என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது மலைக்காரர்களுக்கு ஊறிய பழக்கம். அதையும் போட்டுக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி, ஊசிக்கோபுரத் தேவாலயத்தைப் பார்க்க நடந்தார். பாதி வழியில் மயங்கி விழுந்தார். பழைய கோட்டை, பெருமாள் கோயில், தாமிரபரணி என்று மகள் போட்டுவைத்திருந்த திட்டமெல்லாம் அத்தோடு போயிற்று. நான்கு நாளும் விடுதி அறையில் படுக்கை.

"திரும்பி வந்ததும் என்ன பாத்தன்னு ஊரே கேட்டுச்சு. மேல சுத்துற காத்தாடியப் பாத்தேன்னேன். நம்ம லயத்து வீட்டுல அது கெடையாது, அதனால புதுசாத்தான் இருந்துச்சு!"

வரும் மார்ச்சில் வாசுகிக்குப் பட்டமளிப்பு. திறந்தவெளிப் பந்தலில், பிற்பகல் மூன்று மணிக்கு. "நீ வராதம்மா, வீடியோ அனுப்புறேன்," என்றாள் மகள். இராசம்மா விடவில்லை. மூன்று நாள் தொலைபேசிச் சண்டைக்குப் பிறகு வாசுகி ஒரு நிபந்தனை போட்டாள்: வெக்கையில் அரை மணி நேரம் விழாமல் நின்று காட்டினால் வரலாம்.

தோட்டத்தில் வெக்கைக்கு எங்கே போவது? இந்த அறைதான் இருக்கிறது. முதல் நாள் நான்கு நிமிடம், கண் இருட்டியது. இரண்டாம் வாரம் பதினைந்து. நின்றால் மட்டும் போதாது என்று, பிறகு குடையை விரித்துப் பிடித்தபடி அறைக்குள் நடக்கவும் தொடங்கினார். கடந்துபோகிறவர்கள் சிரித்தார்கள். "சிரிங்க. கோட்டைக்குள்ள நான் நிக்கற போட்டோவ நீங்கதான் பாக்கப் போறீங்க."

அந்த வார வெள்ளிக்கிழமை தேர்வு வந்தது. சின்னையா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார், திரையில் வாசுகி. இருபத்தாறாவது நிமிடத்தில் இராசம்மாவின் முழங்கால் லேசாக மடங்கியது.

"சின்னையா மாமா, முக்காலியப் போடுங்க!" என்று கத்தினாள் வாசுகி.

அவர் நகர்த்திவந்த முக்காலியை இராசம்மா காலாலேயே தள்ளிவிட்டார். இருபத்தேழு, இருபத்தெட்டு என்று சின்னையா எண்ணிக்கொண்டே வந்தார்.

"முப்பது!" என்றார் சின்னையா.

"போதும்மா! டிக்கெட்ட எடு! மொதல்ல வெளிய வா!" என்றாள் வாசுகி.

இராசம்மா வாசல் பக்கம் திரும்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். வியர்வை வழியும் வலது கையை மகளுக்குத் தெரியும்படி உயர்த்தி, இன்னும் ஐந்து நிமிடம் என்று ஐந்து விரல்களையும் விரித்தார்.