கரண்டு போன நேரத்துப் பாட்டு

சண்முகத்தாய் அக்கா இறந்துபோன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

நிலத்துக்கு எருவாகட்டும் என்று ராத்திரி ஆடுகளை அடைத்துவைக்கிற கிடை போடுவதற்காக ஆடுகளை ஓட்டிக்கொண்டு இடைசெவல் பக்கம் போயிருந்தேன். எட்டு நாள் காட்டில்தான் இருந்தேன், போனில் சார்ஜ் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் ஆட்டுக்கு மருந்து வாங்கக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி வந்தேன். பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தது இருபத்தைந்து வயதுப் பெண். தலை நிறையக் கனகாம்பரம். யார் பெற்ற பிள்ளையோ, இந்த வயதில் போய்விட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டே பெயரைப் படித்தேன். நம்பிக்கை வரவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக மறுபடி படித்தேன். கீழே வயது எழுபத்தொன்று என்று போட்டிருந்தது. தெருப் பெயரும் சரியாக இருந்தது. வீட்டில் வேறு படம் கிடைக்காமல் பழைய படத்தைப் போட்டிருக்கிறார்கள். நான் தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆசைப்பட்டேன்.

அக்காவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவருக்கு அப்போது அறுபத்தொன்பது, எனக்கு அறுபத்தேழு. பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு நடக்கும். டீச்சர் செல்விக்கு எங்கள் பேத்தி வயது. நாங்கள் பதினொரு பேர். ஆண்பிள்ளைகளில் நான் ஒருவன்தான் நின்று படித்தேன், மற்றவர்கள் ஒரு வாரத்தில் ஓடிவிட்டார்கள். என்னைத் தெருவில் கேலி செய்யாதவர்கள் கிடையாது. கேலி செய்த அத்தனை பேருடைய கடைப் பலகையையும் இப்போது நான் நின்று படித்துவிட்டுத்தான் போகிறேன்.

வகுப்பு தொடங்கிய இரண்டாம் நாளே அக்காவுக்கும் எனக்கும் சண்டை. அவர் மடியில் போனை வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு 'அ' எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் கம்மிதான். ஆனால் என் காது ஆட்டுக்காரன் காது. முன்னால் போகும் ஆட்டின் கழுத்து மணியைக் கேட்டுத்தான் மந்தை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஒருமுறை காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மேய்த்த அன்று, முப்பது ஆடும் அடுத்தவர் பருத்திக்குள் இறங்கிவிட்டன. பாட்டு என்றால் கவனத்தைத் திருடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தவன் நான்.

"டீச்சர், அந்த அக்காவ பாட்ட அமத்தச் சொல்லுங்க. எனக்கு எழுத்து நிக்க மாட்டேங்கு" என்றேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏலே, எழுத்து என்ன ஒன் ஆடாலே, நிக்கதுக்கும் ஓடுததுக்கும்?" என்றார்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

அக்கா நாற்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்குக் கட்டை அடுக்குகிற வேலை. சட்டத்தில் வரிவரியாகத் தீக்குச்சிகளை அடுக்க வேண்டும், ஒன்று பிசகினாலும் மருந்தில் முக்கும்போது ஒட்டிக்கொள்ளும். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ரேடியோவை ஒலிபெருக்கியில் போட்டுவிடுவார்களாம். பாட்டு ஓடினால் கை ஓடும், பாட்டு நின்றால் பேச்சு தொடங்கும், பேச்சு தொடங்கினால் குச்சி பிசகும் என்றார். "காதுக்கு ஒரு வேலை குடுத்துட்டா, அது கண்ணை வந்து தொந்தரவு பண்ணாதுலே" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

கரண்டு போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைப்பு.

"கரண்டு போனா நாங்க பாட்டை எடுத்துக்கிடுவோம்" என்றார். ரேடியோ எந்த வரியில் நின்றதோ அந்த வரியிலிருந்து பெண்கள் எல்லோரும் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே அடுக்குவார்களாம். ரேடியோ நிலையத்தில் பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கும்? கரண்டு வந்ததும், ரேடியோ இருக்கிற இடத்தில்தான் தாங்களும் இருக்கிறோமா என்று பார்ப்பார்களாம். சரியாக ஒரே வரியில் வந்து சேர்ந்துவிட்டால் ஆபீஸே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல்.

டீச்சர் எங்கள் சண்டையைத் தீர்க்க ஒரு வழி செய்தார். முதல் நாள் பாட்டில்லாமல் பத்துச் சொல் சொல்லி எழுதச் சொன்னார். எனக்கு ஒரு தப்பு, அக்காவுக்கு ஐந்து தப்பு. மறுநாள் பாட்டோடு பத்துச் சொல். அக்காவுக்கு ஒரு தப்பு. எனக்கு எத்தனை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. டீச்சர் 'கொத்தமல்லி' என்று சொன்ன இடத்தில் நான் பாட்டில் வந்த 'நிலா'வை எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வெறும் நாதஸ்வரம் போட்டார்கள். அதில் சொல் இல்லை, என் காதுக்குப் பிடித்து இழுக்க ஒன்றும் அகப்படவில்லை. இருவருமே நன்றாக எழுதினோம்.

"பாத்தியாலே, ஒன் காது சொல்லப் பொறுக்குத காது. எங்காது தாளத்தோட போய்க்கிடும்" என்றார் அக்கா. அதன் பிறகு ஒரு நாள் அவருக்குப் பாட்டு, ஒரு நாள் எனக்கு நாதஸ்வரம் என்று ஆயிற்று. பாட்டு நாளில் நான் ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் வகுப்பைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்குப் பாட்டு நாள். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"படிப்புன்னா அமைதி வேணும். இது என்ன டீக்கடையா?" என்று கேட்டார்.

"டீக்கடையில பாட்டு ஓடத்தான சார் செய்யுது? அண்ணாச்சிமாரெல்லாம் அங்கன உக்காந்துதான பேப்பர் படிக்காங்க? அவியளுக்கு ஏறலையா?" என்றார் அக்கா.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. போனை அணைத்தால் வகுப்பு, இல்லையென்றால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்வேன் என்றார். டீச்சர் பயந்து நின்றார். அக்கா போனை எடுத்துப் பைக்குள் போடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நோட்டையும் பென்சிலையும் எடுத்துப் பைக்குள் போட்டார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"எடுங்க சார். இத்தன வருசம் எம்பேர எழுதத் தெரியாமத்தான் இருந்தேன். இப்பம் தெரியும். நீங்க எடுத்தா நான் திரும்ப எழுதிக்கிடுதேன்" என்றார்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு உட்காரத் தோன்றவில்லை. எழுந்து நின்று, "சார், இந்தப் பாட்ட அமத்தச் சொல்லி முதமுதல்ல புகார் சொன்னவன் நான்தான். எனக்கு ஆகாது. ஆனா அக்காவுக்கு அது இல்லாட்டி ஓடாது. நம்பலைன்னா நீங்களே சொல்லி எழுத வச்சுப் பாருங்க" என்றேன். அதிகாரி கையிலிருந்த செய்தித்தாளைப் பிரித்து ஐந்து வாக்கியம் சொன்னார். வேண்டுமென்றே கடினமாகப் பார்த்துத்தான் சொன்னார். பாட்டு ஓட ஓட அக்கா எழுதினார். ஐந்திலும் சேர்த்து ஒரே ஒரு பிழை. அதிகாரி நோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அக்காவின் பெயர் பதிவேட்டில் நின்றது.

ஆனால் தேர்வு நாளில் என்ன செய்ய முடியும்? போனைக் கூடத்துக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்று விதி. கேள்வித்தாளைக் கொடுத்ததும் நான் எழுதத் தொடங்கிவிட்டேன். எனக்கு முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரம் அவர் கை அசையவே இல்லை. சும்மா இருந்த காது என்னென்னவற்றையோ கேட்டிருக்கும். மின்விசிறி கிரீச்சிட்டதை, வெளியே லாரி போனதை, பக்கத்தில் யாரோ இருமியதை. எல்லாவற்றுக்கும் அவர் தலை திரும்பியது. எனக்கு என் தாளில் கவனம் நிற்கவில்லை. இத்தனை பேச்சும் பேசிவிட்டு வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தால், அவரைப் பார்த்துச் சிரிக்க ஊரில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கரண்டு போயிற்று.

மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. அந்த நிமிடத்தில் அக்காவின் தோள் லேசாக ஆடியது. பிறகுதான் எனக்குக் கேட்டது, உதட்டுக்குள்ளேயே ஒரு பாட்டு. நாற்பது வருடப் பழக்கம், கரண்டு போனதும் தானாக வந்துவிட்டது. பென்சில் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் வந்த டீச்சருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் ஜன்னல் வழியாக வெளியே இருந்த வேப்பமரத்தை அப்படி ஓர் அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும், "யக்கா, உள்ள பாடுனியே!" என்றேன்.

"நான் எங்கலே பாடுனேன்? கரண்டு போச்சுல்லா" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் தேறினோம். அக்காவுக்கு என்னைவிட நான்கு மதிப்பெண் கூடுதல். அதைச் சாகும்வரை சொல்லிக்காட்டினார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவருக்கு அஞ்சலி. அக்காவைப் பற்றி எழுதி வந்து படிக்கும்படி டீச்சர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பாட்டுப் போடுவது செத்தவருக்கு மரியாதை இல்லை என்று வகுப்பிலேயே இரண்டு மூன்று பேர் சொல்கிறார்கள். அவர்களுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். பாட்டுப் போடத்தான் போகிறேன். எனக்குச் சொல் உள்ள பாட்டு ஆகாது, தடுமாறித் தப்பாகப் படிப்பேன், பரவாயில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாட்டுக் கேட்டுக்கொண்டு படித்தால் போனைப் பிடுங்காதீர்கள். ஒருநாள் பாட்டோடும் ஒருநாள் பாட்டில்லாமலும் எழுத வைத்துப் பாருங்கள். எது எந்தப் பிள்ளைக்கு ஒத்துவருகிறது என்று அந்தப் பிள்ளையின் நோட்டே சொல்லிவிடும்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பிடிவாதமும் ஒரு பழக்கமும். இதை நான்கு நாளாகக் காலையில் வீட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அவர் விரும்பிய மாதிரிப் பாட்டுத்தான். ஒரு வரி எழுத, நாலு வரி அடிக்க என்று போகிறது. இன்றைக்கு இந்தப் பக்கத்தைத் தொடங்கும்போது கரண்டு போயிற்று. பாதியில் நின்ற பாட்டை நான் எடுத்துக்கொண்டேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். கரண்டு வந்தது. ரேடியோ என்னைவிட இரண்டு வரி முன்னால் போயிருந்தது.

அக்கா இருந்தால் சிரித்திருப்பார். நாளைக்கும் கரண்டு போகும். பார்த்துக்கொள்கிறேன்.