தூணுக்கு அளவாக நின்ற பட்டுப்புடவை

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு தூணின் பருமன் படத்தில் தெரியட்டும் என்று அக்கா மகளின் சீர்ப் புடவைப் பையை அதன் காலடியில் வைத்துப் படமெடுத்து, பையை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறிய தாய்மாமன் நான். மறுநாள் காலை செங்கல்பட்டில் முகூர்த்தம். அக்காவுக்கு இது இன்றுவரை தெரியாது. நல்லவேளை, அவள் வலைப்பூ படிப்பதில்லை.

போன ஆவணியில் நெசவாளர் வீட்டில் புடவையை வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் எண்பது ரூபாய் கொடுத்து, காஞ்சிபுரம் கிழக்கு நிலையத்துக்கு 11.10க்கு வந்தேன். ஊரில் இரண்டு நிலையங்கள் உண்டு. ஏறும்போதே எது என்று சொல்லிவிடுங்கள். மீட்டர் கேஜ் காலத்துப் பாதை இது. கோபுரம் பார்க்க வருகிறவர்கள் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். நடைமேடைக் கூரையைத் தாங்கிய தூணைத் தடவி, "வெள்ளைக்காரன் வேலைப்பாடு!" என்று வாய்விட்டே சொன்னேன். 12.05க்கு ரயில்.

வாலாஜாபாத்தில்தான் கை காலியாக இருப்பது உறைத்தது. இறங்கி ஓடினேன்.

"இன்னா சார், யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கல்யாணப் புடவைய விட்டுட்டேன்பா."

"அப்போ ஒடம்பவிட அவசரம், குந்து சார்!"

சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய். வழியெல்லாம் அக்காவின் முகம்.

தூணடியில் பை இல்லை. பக்கத்து பெஞ்சில் ஓர் அம்மாள் அதை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். செங்கல்பட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டவர். எனக்காகத் தன் ரயிலை விட்டிருக்கிறார்.

"நான் வருவேன்னு எப்படிம்மா தெரியும்?"

"ஒரு மணி நேரமா அந்தத் தூணையே தடவிக்கினு இருந்தியேபா. பொடவைக்கு வராட்டியும் அதுக்கு வருவன்னு குந்திக்கினு இருந்தேன்."

அவரும் தறிக்காரர்தான். புடவையைப் பிரித்து, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து, முன்பைவிட நேர்த்தியாக மடித்து வைத்திருந்தார். ஒரு டீக்கு மேல் எதையும் வாங்க மறுத்துவிட்டார். அடுத்த ரயிலில் சேர்ந்தே போனோம். மறுநாள் அக்கா மகள் அந்தப் புடவையில் மணையில் உட்கார்ந்தபோது, அந்த அம்மாளைத்தான் மனசுக்குள் கும்பிட்டேன்.

போகிறவர்களுக்கு: ரயில்கள் குறைவு, நேரம் விசாரித்துப் போங்கள். தூணைப் படமெடுத்தால் அளவு காட்டத் தண்ணீர் பாட்டில் வையுங்கள்.

அப்புறம் அந்தத் தூண். அம்மாளின் மகள் கல்யாணத்துக்குப் பிறகுதான் கட்டினார்களாம். பேத்தி இன்னும் எல்.கே.ஜி.கூடச் சேரவில்லை.