கஜந்தி எழுதிய கடைசி வரி

கஜந்திக்கு இங்கிலிஷில் நூற்றியெண்பது வசனம் பாடம். சனிக்கிழமை வகுப்பில் தந்த வியாபார ஆங்கிலத்தையெல்லாம் கொப்பியில் எழுதி, பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்து மனதில் ஏற்றியிருந்தாள். எதை எங்கே போடுவது என்பதில்தான் குழப்பம். பரீட்சையைக் கறாராக வைத்தவர்கள் அதைச் சொல்லித் தரவில்லை.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, மரக்கறி, குடிதண்ணீர் கொடுக்கிற ஒரு சின்னக் கந்தோரில் அவளுக்கு வேலை. ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி பிரகலாதன் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஆறு மாதம் முடிய இன்னும் நாலு நாள். வீட்டில் உழைக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

போன கிழமை களஞ்சிய வேலைக்கு ஒருவரை எடுத்தார்கள். எடுபடாத பதினொரு பேருக்கும் இங்கிலிஷில் கடிதம் போடச் சொன்னார் முதலாளி.

"இல்லை எண்டதை நேர சொல்லுங்கோ பிள்ளை. சுத்தி வளைக்க வேண்டாம்."

வருந்துகிறோம், தங்களைத் தெரிவுசெய்ய முடியவில்லை என்று எழுதினாள். வாசித்துப் பார்த்தபோது நெஞ்சு உறுத்தியது. மனுசரை இப்படியா அனுப்புவது? புறப்படுகிற ஆள் 'போறன்' என்றாலே முகம் சுளிக்கிற ஊர் இது. 'போட்டு வாறன்' என்று திரும்பி வருவதாகச் சொன்னால்தான் மனம் ஆறும். கொப்பியைப் புரட்டினாள். கடிதம் முடிக்கிற வசனங்கள் ஒரு பக்கம் நிறைய இருந்தன. ஆகக் கனிவான ஒன்றைத் தேடிப் பிடித்து எல்லாக் கடிதத்துக்கும் கடைசி வரியாகப் போட்டாள்: தங்களை விரைவில் எங்கள் கந்தோருக்கு வரவேற்க ஆவலாயிருக்கிறோம்.

பிரகலாதன் முதல் வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு பேர் அயன் பண்ணின சட்டையோடு வாசலில் நின்றார்கள். அவர்களில், தூரத்து ஈச்சிலம்பற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த தவராசா கடிதத்தை நீட்டினார்.

"மேல வருத்தம் எண்டு கிடக்கு, கீழ வரச் சொல்லிக் கிடக்கு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை பிள்ளை. வேலை இருக்கோ, இல்லையோ?"

கஜந்தி கடிதத்தை எட்டிப் பார்த்தாள். இரண்டு வரியும் கொப்பியில் உள்ளதுதானே, பிறகெங்கே பிழை? பிரகலாதன் வெளியே வந்து கடிதத்தை வாங்கினார். இந்த முறை கடைசிவரை வாசித்தார், முகம் சிவந்தது.

"ஏலாது எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வராதோ? இப்ப சொல்லுங்கோ."

"வேலைக்கு ஆள் எடுத்தாச்சு அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் அவள். தவராசா கடிதத்தைத் திருப்பி வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் கோபிக்கவில்லை, அதுதான் அவளைச் சுட்டது.

"சரி, போட்டு வாறன்," என்றார்.

"ஓம் அண்ணை, போட்டு வாங்கோ," என்று அவளை அறியாமலே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பிரகலாதனும் அதே நேரம் அதையேதான் சொன்னார். சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் உள்ளே போனார்.

பின்னேரம் வரை அவர் அவளோடு கதைக்கவேயில்லை. ஐந்து மணிக்குக் கைப்பையோடு அவருடைய அறைக் கதவடியில் போய் நின்றாள். நாளைக்கு வரலாமா என்று கேட்கத்தான் வந்தாள், கேட்க முடியவில்லை.

"போட்டு வாறன் சேர்."

"ஓம், போட்டு வாங்கோ," என்றார் அவர், தலை நிமிராமலே.

பாலையூற்று பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து நின்றபடி, காலையில் தவராசா கேட்ட கேள்வியையே கஜந்தி தனக்குள் கேட்டுக்கொண்டு போனாள். வேலை இருக்கோ, இல்லையோ?